பாத வெடிப்பு ஆற வீட்டிலேயே மூலிகைக் களிம்பு

காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா நடவு முடியும் ஐப்பசி மாதத்தில் நடவுப் பெண்களின் கால்களைப் பார்த்தால், விரல் இடுக்குகள் வெளுத்து ஊறிப் புண்ணாகியிருக்கும். அதே பெண்கள் தை, மாசி மாதங்களில் வயலுக்கு வரும்போது விரல் இடுக்குப் புண் ஆறியிருக்கும். ஆனால் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். நெல்லை இயந்திரம் அறுத்துவிட்டாலும், நெல் தரிசில் விதைத்த உளுந்தையும் பயறையும் பறிக்க மனிதக் கால்கள்தான் காய்ந்த தாளின் மீது நடக்க வேண்டியிருக்கிறது. வெடிப்பில் மண்ணும் தூசும் புகுந்து, அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் வலிக்கும். வலி பொறுக்காமல் நான்கு நாள் வேலைக்குப் போகாவிட்டால் நான்கு நாள் கூலி போய்விடும்.

கறவை மாட்டின் காம்பில் கீறல் விழுந்தால் அன்றே மருந்து தேடும் குடும்பத்தில், வீட்டுப் பெண்ணின் குதிகால் வெடிப்பை மாதக் கணக்கில் யாரும் பொருட்படுத்துவதில்லை. பருவம் மாறினால் தானே சரியாகிவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். பல வேளை சரியாகியும் விடுகிறது. சில வேளை அந்தச் சிறு வெடிப்பே பெரிய புண்ணுக்கு வழியாகிவிடுகிறது.

பாத வெடிப்புக்கும் கைத்தோல் வெடிப்புக்கும் ஏற்ற ஒரு களிம்பை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதற்கு வேண்டிய தேங்காய் எண்ணெய், மஞ்சள், வேப்பிலை, வரப்பில் வளரும் ஒரு பூண்டு, சிறிது தேன்மெழுகு ஆகியவை கிராமத்தில் கிடைப்பவையே. செய்முறையும் எளிது. ஆயினும் ஒரு செய்தியை மட்டும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். இந்தக் களிம்புக்கு ஈரம் ஆகாது. செய்யும்போது ஈரம் சேர்ந்தால் களிம்பு கெடும். ஈரப் புண்ணின் மீது தடவினால் புண் கெடும்.

தோல் வெடிப்பது ஏன்?

குதிகால் வெடிப்பைப் ‘பித்த வெடிப்பு’ என்று சொல்வது வழக்கம். பெயர் அப்படி இருந்தாலும், பெரும்பாலான வெடிப்புகளுக்குக் காரணம் தோலின் வறட்சியே. உடலின் மற்றப் பகுதிகளில் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. அவை சுரக்கும் எண்ணெய்ப் பசை தோலிலுள்ள ஈரத்தைக் காக்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இந்தச் சுரப்பிகள் இல்லை. ஆகவே வறட்சி முதலில் தாக்குவது இவ்விரண்டு இடங்களைத்தான்.

குதிகால் உடலின் எடையைத் தாங்குவது. வெறுங்காலில் நடக்கும்போது அங்கே தோல் தடித்துக் காய்ப்பு ஏறுகிறது. தடித்த தோல் காய்ந்தால் வளைந்து கொடுக்கும் தன்மையை இழக்கிறது. எடை அழுத்தும்போது காய்ந்த களிமண் நிலம் பிளப்பது போலப் பிளக்கிறது. மேல்தோலோடு நின்றால் வலி இல்லை. உள்தோல் வரை பிளவு இறங்கினால் இரத்தம் கசியும், நடக்க முடியாது.

கைகளின் நிலையும் இதுதான். வெறுங்கையால் யூரியா வீசுதல், சலவைத் தூளில் துணி துவைத்தல், சிமெண்டு வேலை ஆகியவை கைத்தோலின் பசையை எடுத்துவிடுகின்றன. மார்கழிப் பனியில் விரல் மூட்டுகளிலும் உள்ளங்கை ஓரங்களிலும் கீறல் விழுவது இதனால்தான்.

களிம்பு என்ன செய்கிறது?

களிம்பு புண்ணை ஆற்றுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் தோல்தான் தன்னை ஆற்றிக்கொள்கிறது. அதற்கு வேண்டிய சூழலைத் தருவதே களிம்பின் வேலை. எண்ணெய் தோலின் காய்ந்த அடுக்குகளுக்கிடையே இறங்கி அதை மிருதுவாக்குகிறது. தேன்மெழுகு அதன் மீது மெல்லிய போர்வை போலப் படிந்து, தோலிலுள்ள ஈரம் ஆவியாகிப் போகாமல் தடுக்கிறது. வைக்கோல் மூடாக்கு இட்ட பாத்தியில் மண் காயாமல் இருப்பதைப் போன்றது இது.

காயம் நன்றாகக் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. 1962-ஆம் ஆண்டில் ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளின் தோலில் மேலோட்டமான காயங்களை ஏற்படுத்திச் சோதித்தார். காற்றுப்பட விட்ட காயங்களைவிட, ஈரப்பசை போகாமல் மூடி வைத்த காயங்களில் புதுத்தோல் விரைவாகப் படர்ந்ததை அவர் கண்டார். காய்ந்து இறுகிய பொருக்கின் அடியில் புதுத்தோல் படர்வது கடினம் என்பதே காரணம். சுத்தமான, மேலோட்டமான கீறலுக்கும் வெடிப்புக்கும் பசைப் போர்வை உதவுவது இப்படித்தான். சுத்தமில்லாத காயத்துக்கும் ஆழமான காயத்துக்கும் இது பொருந்தாது. அதன் காரணம் பின்னர் வருகிறது.

தேன்மெழுகு

களிம்புக்கு உருவம் கொடுப்பது தேன்மெழுகு. கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பகுதியைப் போலத் தேனீ வளர்ப்பு நடைபெறும் இடங்களில் இது எளிதில் கிடைக்கும். பெட்டியில் தேனீ வளர்ப்பவர்கள் தேன் எடுக்கும்போது அறுக்கும் அடை மூடிகளிலிருந்து நல்ல மெழுகு கிடைக்கும். மலைத்தேன் எடுப்பவர்களிடம் பிழிந்த அடைகளைக் கேட்டு வாங்கலாம். புழு வளர்ந்து கறுத்த பழைய அடையில் மெழுகு குறைவாகவே கிடைக்கும்.

அடையைத் துணிப்பையில் கட்டிக் கொதிநீரில் அமிழ்த்தி வைத்தால் மெழுகு உருகித் துணியின் வழியே மேலே மிதக்கும். கசடு பையில் தங்கிவிடும். ஆறியபின் மெழுகு வட்டாக உறையும். வட்டின் அடியில் ஒட்டியுள்ள அழுக்கைச் சுரண்டிவிட்டு, துடைத்து, இரண்டு நாள் நிழலில் காயவிட வேண்டும்.

கடையில் வாங்குபவர்கள் பாரபின் கலப்பில்லாததா என்று பார்த்து வாங்க வேண்டும். நல்ல தேன்மெழுகு தேன் மணம் வீசும். கைச்சூட்டில் பிசைந்தால் ஒட்டாமல் குழையும். பாரபின் மிகுதியாகக் கலந்தது பிசையும்போது உதிரும். நிறம் சேர்த்த மெழுகுவர்த்தியை உருக்கிக் களிம்பில் சேர்க்கக் கூடாது.

எண்ணெயும் மூலிகைகளும்

செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் சிறந்தது. நல்லெண்ணெயும் பயன்படும். பழைய எண்ணெய், பலகாரம் சுட்ட எண்ணெய், சிக்கு வாடை வீசும் எண்ணெய் ஆகியவை உதவா.

மூலிகைகளில் முதலாவது வெட்டுக்காயப் பூண்டு. கிணற்றடிப் பூண்டு, தாத்தாப்பூச் செடி, மூக்குத்திப்பூச் செடி என்றும் இதற்குப் பெயர்கள் உண்டு. வெப்ப மண்டல அமெரிக்காவிலிருந்து வந்து நம் வரப்புகளில் நிலைத்துவிட்ட களை இது. தரையோடு படர்ந்து வளரும். இலைகள் சொரசொரப்பாக, ஓரத்தில் பற்களுடன் எதிரெதிராக அமைந்திருக்கும். நீண்ட ஒற்றைக் காம்பின் நுனியில், நடுவே மஞ்சளும் சுற்றிலும் வெளிர்நிற இதழ்களுமாக ஒரு பூ நிற்கும். சிறுவர்கள் அந்தப் பூவின் தலையைத் தெறிக்கவிட்டு விளையாடுவார்கள். கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டுவிட்டால் இதன் இலையைக் கசக்கி வைப்பது பழைய வழக்கம். காயம் ஆறத் துணைபுரியும் தன்மை இதற்கு இருப்பதை விலங்குகளில் நடத்திய ஆய்வுகள் காட்டியுள்ளன.

இரண்டாவது வேப்பிலை. புண்ணைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் சிலவற்றின் வளர்ச்சியை வேப்பிலைச் சாறு தடுப்பது ஆய்வுக்கூடச் சோதனைகளில் தெரிந்துள்ளது.

மூன்றாவது மஞ்சள். இதிலுள்ள குர்க்குமின் என்னும் நிறப்பொருள் தண்ணீரில் கரைவதில்லை, எண்ணெயில் கரையும். எனவே எண்ணெயில் காய்ச்சுவதே இதற்கு ஏற்ற முறை. புண்ணுக்கு மஞ்சள் வைப்பது நம் நாட்டில் பாட்டிமார் அறிந்த கைவைத்தியம். ஆனால் 1995-ஆம் ஆண்டில் அமெரிக்காவில், காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதைப் புதிய கண்டுபிடிப்பாகக் கருதிக் காப்புரிமை வழங்கினார்கள். இந்திய அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழுமம் இதை எதிர்த்தது. இது இந்தியாவில் முன்பே அறியப்பட்ட முறை என்பதற்கு எழுத்து வடிவிலான சான்றுகளைக் காட்டியது. 1997-இல் அந்தக் காப்புரிமை நீக்கப்பட்டது. கிராமத்து அறிவைப் பதிவு செய்து வைப்பது எவ்வளவு தேவை என்பதற்கு இது நல்ல பாடம்.

மூலிகையைச் சேகரிக்கும் இடத்தில் கவனம் வேண்டும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த வயலின் வரப்பிலும், சாக்கடை ஓரத்திலும், சாலை ஓரத்திலும் பறிக்கக் கூடாது. பார்த்தீனியம் செடி பட்டால் உடம்பு அரித்துத் தடிக்கும் தன்மை உள்ளவர்கள் வெட்டுக்காயப் பூண்டைத் தவிர்த்துவிட வேண்டும். இரண்டும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவர்கள் வேப்பிலையும் மஞ்சளும் மட்டும் சேர்த்துக் களிம்பு செய்துகொள்ளலாம்.

ஈரத்தை நீக்குதல்

வீட்டில் செய்யும் களிம்புகள் ஒரு மாதத்தில் பூசணம் பூத்துக் கெடுவதற்குக் காரணம் தண்ணீர்தான். எண்ணெயிலும் மெழுகிலும் மட்டும் நுண்ணுயிர்கள் எளிதில் வளர்வதில்லை. பச்சிலையின் சாறு அதில் தங்கிவிட்டால் அவை வளர இடம் கிடைக்கிறது. புண்ணை ஆற்ற வேண்டிய களிம்பே புண்ணுக்குக் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பச்சிலைச் சாற்றை எண்ணெயில் விட்டுச் சாறு சுண்டும் வரை காய்ச்சித் தைலம் இறக்குவது நம் மருத்துவ மரபில் உண்டு. அதற்குப் பதம் பார்க்கும் பயிற்சி வேண்டும். இளம்பதத்தில் இறக்கினால் ஈரம் நிற்கும். பதம் தப்பினால் எண்ணெய் கருகும். புதிதாகச் செய்பவர்களுக்கு உலர்ந்த இலையே பாதுகாப்பானது.

இலைகளை அலசி, நீரை உதறி, நிழலில் மெல்லிய துணியின் மேல் பரப்ப வேண்டும். தினமும் ஒருமுறை கிளறிவிட வேண்டும். நான்கைந்து நாளில் காய்ந்துவிடும். மழைக் காலத்தில் கூடுதல் நாள் ஆகலாம். கையில் எடுத்து நசுக்கினால் ‘சரசர’வென்று நொறுங்க வேண்டும். துவண்டு மடங்கினால் இன்னும் காய வேண்டும் என்று பொருள். காயும்போதே கறுத்த இலை, பூசண வாடை வீசும் இலை ஆகியவற்றை எறிந்துவிட வேண்டும்.

தேவையான அளவு

தேங்காய் எண்ணெய் 250 கிராம்; உலர்ந்த வெட்டுக்காயப் பூண்டு இலை 15 கிராம்; உலர்ந்த வேப்பிலை 10 கிராம்; சுத்தமான மஞ்சள்தூள் 5 கிராம்; தேன்மெழுகு 40 முதல் 50 கிராம் வரை. மஞ்சள்தூளைக் கடையில் வாங்குவதைவிட, நன்கு காய்ந்த மஞ்சளை வீட்டிலேயே இடித்துச் சலித்து எடுப்பது நல்லது. நிறத்துக்காக எதுவும் கலந்திருக்குமோ என்ற ஐயம் இருக்காது.

செய்முறை

மெழுகும் எண்ணெயும் தீப்பற்றக் கூடியவை. எனவே அடுப்புத் தீயில் நேரடியாக வைக்கக் கூடாது. வாயகன்ற பாத்திரத்தில் கால் பங்கு தண்ணீர் ஊற்றிச் சூடேற்ற வேண்டும். அதனுள் உட்காரும்படி, நன்கு துடைத்து உலர்த்திய எவர்சில்வர் பாத்திரத்தை வைத்து, அதில் எண்ணெயை ஊற்ற வேண்டும். கொதிக்கும் தண்ணீர் உள் பாத்திரத்தில் தெறிக்காதவாறு அடுப்பைத் தணித்து வைக்க வேண்டும்.

எண்ணெய் சூடானதும் நொறுக்கிய இலைகளையும் மஞ்சள்தூளையும் போட்டு, உலர்ந்த மரக்கரண்டியால் அவ்வப்போது கிளறி இரண்டு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். இலை பொரியக் கூடாது. மூடி போட்டால் ஆவி நீராகி எண்ணெயில் சொட்டும். ஆகையால் மூடாமல் வைக்க வேண்டும். அடிப்பாத்திரத்தில் தண்ணீர் வற்றினால் சுடுநீரை ஊற்றிக்கொள்ளலாம்.

எண்ணெய் பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம் பெற்றதும் இறக்கி, வெதுவெதுப்பாக ஆறியபின் சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்ட வேண்டும். துணி நன்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். வடித்த எண்ணெயைக் கண்ணாடிப் பாத்திரத்தில் ஓர் இரவு அசையாமல் வைத்தால் நுண்தூளும், தப்பித் தவறி நின்ற நீர்த்துளியும் அடியில் தங்கும். பனிக் காலத்தில் எண்ணெய் உறைந்துவிடாமல் அடுப்படியின் கதகதப்பில் வைக்கலாம். மறுநாள் தெளிந்த எண்ணெயை மட்டும் மேலாக இறுத்து எடுத்துக்கொண்டு, அடிமண்டியைக் கொட்டிவிட வேண்டும்.

இப்போது ஈரம் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். பஞ்சுத் திரி ஒன்றை அந்த எண்ணெயில் நனைத்து, இடுக்கியால் பிடித்துப் பாத்திரத்துக்கு எட்டத்தில் கொளுத்திப் பார்க்க வேண்டும். சத்தமின்றி எரிந்தால் ஈரம் இல்லை. ‘சடசட’வென்று வெடித்தால் ஈரம் இருக்கிறது. அப்படியானால் கொதிநீர்ப் பாத்திரத்தில் மீண்டும் அரை மணி நேரம் திறந்து வைத்துச் சூடாக்கி, பழையபடி தெளியவைத்துச் சோதிக்க வேண்டும்.

பிறகு எண்ணெயை நிறுத்துப் பார்க்க வேண்டும். இலை குடித்தது போக 200 கிராம் அளவுக்குக் கிடைக்கும். ஐந்து பங்கு எண்ணெய்க்கு ஒரு பங்கு மெழுகு என்பது கணக்கு. அதாவது 200 கிராம் எண்ணெய்க்கு 40 கிராம் மெழுகு போதும். சித்திரை, வைகாசி வெயிலில் களிம்பு இளகிவிடும் என்பதால் 50 கிராம் சேர்க்கலாம். மெழுகைச் சீவி எண்ணெயில் போட்டு, அதே கொதிநீர்ப் பாத்திரத்தில் வைத்தால் உருகிக் கலந்துவிடும். தேன்மெழுகு உருக 65 டிகிரி செல்சியஸ் அளவு சூடு போதும்.

பதம் பார்க்க, ஒரு சொட்டைக் குளிர்ந்த தட்டில் விட்டு ஆறவிட வேண்டும். விரலால் தொட்டால் வெண்ணெய் போல இளக வேண்டும். ஓடினால் சிறிது மெழுகும், கட்டியாக இருந்தால் சிறிது எண்ணெயும் சேர்க்கலாம். கொதிநீரில் கழுவி வெயிலில் காயவைத்த சிறு கண்ணாடிப் புட்டிகளிலோ டப்பாக்களிலோ சூட்டோடு ஊற்ற வேண்டும். முழுவதும் ஆறிய பின்னரே மூடி போட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் நீர் முத்துக் கோத்துக் களிம்பில் விழும். செய்த தேதியை எழுதி ஒட்டி, வெயில் படாத இடத்தில் வைத்தால் ஆறு மாதம் வரை பயன்படுத்தலாம். இடையில் சிக்கு வாடை வீசினாலோ பூசணம் தெரிந்தாலோ அந்த டப்பாவை முழுவதும் எறிந்துவிட வேண்டும். மேலே வழித்துவிட்டு அடியில் உள்ளதைப் பயன்படுத்துவது தவறு.

தடவும் முறை

முதன்முறை பயன்படுத்துபவர்கள் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்க்க வேண்டும். அரிப்போ சிவப்போ தோன்றினால் கழுவிவிட்டு, அந்தக் களிம்பைத் தவிர்க்க வேண்டும்.

இரவு படுக்கும் முன் பாதங்களை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, பீர்க்கங்கூட்டால் காய்ப்பை மெதுவாகத் தேய்க்க வேண்டும். பிளேடால் சீவுவது ஆபத்தானது. காலைத் துடைத்து, வெடிப்பிலும் விரல் இடுக்கிலும் நீர் இல்லாமல் ஒற்றி எடுத்தபின், களிம்பை வெடிப்பிலும் அதைச் சுற்றிலும் அழுத்தித் தடவ வேண்டும். பழைய பருத்தித் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், காலுறையும் அணியலாம். களிம்பு தடவிய காலுடன் ஈரத் தரையில் நடந்தால் வழுக்கும். முதியவர்கள் பாயில் உட்கார்ந்த பின்னரே தடவிக்கொள்வது நல்லது. டப்பாவில் ஈரக் கையை விடாமல், உலர்ந்த குச்சியாலோ கரண்டியாலோ எடுக்க வேண்டும்.

இரண்டு வாரம் விடாமல் செய்தால் சாதாரண வெடிப்பு மூடும். மூடிய பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தடவி வந்தால் மீண்டும் வெடிப்பது குறையும். பகலில் குதிகாலை மூடும் செருப்பு அணிவது மிகவும் உதவும். பறிப்புக்கும் காய்கறித் தோட்டத்துக்கும் வெறுங்காலில் போய்வந்து இரவில் மட்டும் களிம்பு தடவுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதைப் போன்றது.

சேற்றுப்புண்ணுக்கு ஏற்றதன்று

நடவுக் காலத்தில் விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணுக்கும் இதே களிம்பை அப்பிக்கொள்வது பலரும் செய்யும் தவறு. குதிகால் வெடிப்பு ஈரம் இல்லாததால் வருவது. சேற்றுப்புண் ஈரம் மிகுவதால் வருவது. நாள் முழுவதும் நீரில் ஊறிய தோல் வெளுத்து உரிந்து, அங்கே பூசணக் கிருமிகள் பெருகுகின்றன. அதன் மீது மெழுகுப் போர்வை போட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுப் புண் பெருகும்.

சேற்றுப்புண்ணுக்கு முதல் வைத்தியம் உலர்த்துவதுதான். வயலிலிருந்து ஏறியதும் நல்ல நீரில் கழுவி, விரல் இடுக்குகளைத் துணியால் ஒற்றி, காற்றாட விட வேண்டும். ஆறாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டிப் பூசணத்துக்குரிய மருந்து பெற வேண்டும். கடையில் கேட்டு வாங்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அவை அரிப்பை இரண்டு நாளில் அடக்கிவிட்டுப் பூசணத்தைப் பரவவிடும். புண் இல்லாத நல்ல காலுக்கு, நடவுக்கு இறங்கும் முன் மூலிகைக் களிம்பை மெல்லியதாகத் தடவிக்கொண்டால் தோலில் நீர் ஊறுவது குறையும். ஏறியதும் கழுவித் துடைத்துவிட வேண்டும்.

தடவக் கூடாத காயங்கள்

ஆணி, முள், கம்பி குத்திய ஆழமான காயத்திலும், மண்வெட்டி, அரிவாள் பட்ட ஆழமான வெட்டிலும் களிம்பு தடவக் கூடாது. ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் உள்ளன. காற்றுப் புகாத இடத்தில்தான் அக்கிருமி பெருகும். காயத்தின் வாயை மெழுகால் அடைப்பது அதற்கு வசதி செய்து கொடுப்பதாகும். இத்தகைய காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவிவிட்டு, உடனே சுகாதார நிலையத்துக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும். காயத்தில் சாணம், சாம்பல், சுண்ணாம்பு, காப்பித்தூள் ஆகியவற்றை வைக்கும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும்.

நாய் கடித்த காயத்தைப் பதினைந்து நிமிடம் சோப்பு நீரால் கழுவி, உடனே வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். எண்ணெயோ மஞ்சளோ அதில் படக் கூடாது. நெருப்புச் சுட்ட இடத்திலும் கொதிநீர் பட்ட இடத்திலும் இருபது நிமிடம் சாதாரணத் தண்ணீரை ஓடவிட வேண்டும். உடனே பசை தடவினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். சீழ் வைத்த புண், நாற்றம் வீசும் புண், சுற்றிலும் சிவந்து வீங்கிய புண் ஆகியவையும் வீட்டு வைத்தியத்துக்கு உரியவை அல்ல.

நீரிழிவு நோயாளிகளின் பாதம்

நீரிழிவு நோய் நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் துணையுடன் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நாள்பட்ட நீரிழிவில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிடுகிறது. இரத்த ஓட்டமும் குறைகிறது. முள் தைத்தாலும் தெரியாது. வெடிப்பு ஆழமானாலும் வலிக்காது. வலி இல்லாததால் புண் இல்லை என்று எண்ணி உழைத்துக்கொண்டே இருப்பார்கள். தெரியவரும்போது புண் எலும்பு வரை இறங்கியிருக்கும். விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை பலருக்கு ஒரு சிறு வெடிப்பிலிருந்தே தொடங்குகிறது.

எனவே நீரிழிவு உள்ளவர்கள் தினமும் மாலையில் பாதங்களைப் பார்க்க வேண்டும். குனிய முடியாதவர்கள் அடியில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். வீட்டில் உள்ளவர்களைப் பார்க்கச் சொல்லலாம். தோல் காய்ந்து சொரசொரப்பாக மட்டும் இருந்தால் களிம்பு தடவலாம். விரல் இடுக்கில் தடவக் கூடாது. காலை ஊறவைக்கவும் கூடாது. சூடு தெரியாமல் வெந்துவிடும். வெடிப்பு, கொப்புளம், புண் எது தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். களிம்பு தடவிப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் நாள்களில்தான் கால் பறிபோகிறது.

சுய உதவிக் குழுக்களுக்கு

மேற்கூறிய அளவில் செய்தால் சுமார் 50 கிராம் கொள்ளும் நான்கு ஐந்து டப்பாக்கள் கிடைக்கும். ஒரு குடும்பத்தின் ஆறு மாதத் தேவைக்கு இது போதும். நடவுக் குழுவாக வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து செய்து பங்கிட்டுக்கொண்டால் செலவும் வேலையும் குறையும். நோய் தீர்க்கும் மூலிகை மருந்தாக இதை விற்க விரும்புகிறவர்கள் 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின்படி உரிமம் பெற வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். வீட்டுத் தேவைக்குச் செய்துகொள்ள உரிமம் தேவையில்லை.

இவ்வாண்டு சம்பா நடவு முடிந்து பனி தொடங்கும் முன்பே வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். மழை ஓய்ந்த வரப்புகளில் அது தளதளவென்று கிடைக்கும். மார்கழியில் களிம்பு செய்து வைத்தால் தை மாத வெடிப்புக்குத் தயாராக இருக்கும். டப்பாவை அடுப்பங்கரைப் பரணில் மறந்து வைக்காமல், படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது. மாடு கன்றுகளுக்குத் தண்ணீர் காட்டி, தீனி வைத்து, எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டுக் கடைசியாகப் படுக்கப் போகிறவர் வீட்டுப் பெண். அவருடைய கையெட்டும் தூரத்தில் களிம்பு இருந்தால்தான் அது அவருடைய காலில் ஏறும்.